சட்டமூலமும் நாமும்

விழா மலர்களிலே பழமை பேசுதல் மரபு. கல்லூரி தோன்றிய வரலாறும், அதனைக் கட்டி வளர்த்த பெரியோரின் தியாகமும், விளையாட்டுத் திடலிலும் பரீட்சை மண்டபத்திலும் எம் மாணவர் ஈட்டிய புகழும் இம்மலரின் பிற பக்கங்களிற் பேசப்படும். அவற்றைப் படித்து மகிழ்வாருள் நாமும் ஒருவேம். ஆயினும், ஒரு சில பக்கங்களை வேறொரு பொருளுக்காக வேண்டி நிற்கின்றோம். பாராளுமன்றத்திலே சமர்ப்பிக்கப்படும் சட்டமூலங்களை, அவை சட்டமாவதற்கு முன்னரே தமிழில் வாசிக்கும் வழக்கம் எம்மவரிடையே இல்லை. அவ்வழக்கத்தை உண்டாக்கும் கடமை இக்கல்லூரியின் பழைய மாணவர்களுக்கு உண்டு என்பதே நாம் கூறப் புகுவது. இது கட்சி அரசியலன்று. மொழியறிந்தோர் தம் மொழியறிவைக் கொண்டு செய்யத்தக்க பணி.

மசோதா என்று எம் முன்னோரும், சட்டமூலம் என்று இக்காலத்தாரும் வழங்கும் பொருள் யாது? இனிச் சட்டமாக வேண்டுமென்று ஒருவர் எழுதி முன்வைக்கும் வரைவே அது. துறைமுகத்தின் அருகில் வாழும் எமக்கு இதனை விளக்குதல் எளிது. தூரத்தே வரும் கப்பல் முதலிற் கடலிலே புள்ளியாய்த் தோன்றும். பின்னர் வெளித்துறையில் வந்து நிற்கும். அதன் பின்னரே வழிகாட்டும் மாலுமி ஏறிச்சென்று உள்ளே கொணர்வார். துறையிற் கட்டிய பின்னர் அது கொணர்ந்த சரக்கைப் பற்றி வாதாடிப் பயனில்லை. சட்டமூலம் வெளித்துறையில் நிற்கும் கப்பலை ஒத்தது. அது நிற்கும் நாட்களோ சில. அந்நாட்களில் அதனை ஏறிட்டுப் பார்ப்பார் எம்முள் எத்தனை பேர்?

ஏறிட்டுப் பார்த்த ஒருவரின் கதையை முதற்கண் கூறுவோம். 1944 ஆம் ஆண்டு மே மாதத்திலே, அக்காலத்து அரசாங்க சபையில், ஜே. ஆர். ஜயவர்த்தனா அவர்கள் கொணர்ந்த பிரேரணை ஒன்று விவாதத்துக்கு வந்தது. நியாயமான ஒரு கால எல்லையினுள்ளே சிங்களத்தை இலங்கையின் அரசகரும மொழியாக்குதல் வேண்டும் என்பது அவர் முதலிற் கொடுத்த பிரேரணை. திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியின் பிரதிநிதியாய் அச்சபையில் அமர்ந்திருந்தவர் வ. நல்லையா அவர்கள். அவரும் ஓர் ஆசிரியர். அவர் எழுந்து, சிங்களம் என்னும் சொல்லை அடுத்துத் தமிழும் சேர்க்கப்படல் வேண்டும் என்று திருத்தப் பிரேரணை கொணர்ந்தார். திருத்தத்துக்குச் சார்பாக 29 வாக்குகளும் எதிராக 8 வாக்குகளும் அளிக்கப்பட்டன. பிரேரணையைக் கொணர்ந்தவரும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். திருத்தப்பட்ட பிரேரணை சார்பாக 27 வாக்குகளும் எதிராக 2 வாக்குகளும் பெற்று நிறைவேறியது.

அது சட்டமூலமன்று, பிரேரணையே என்பதை அறிவோம். ஆயினும் அதிலே ஒரு பாடம் உண்டு. வரைவு வரைவாய் இருக்கும்போது அதனை மாற்றுதற்குப் படை வேண்டா, பணம் வேண்டா. இரு சொற்கள் போதும். ஆங்கிலத்தில் இரு சொற்களாய் இருந்தது, தமிழில் உம் என்னும் ஓர் இடைச்சொல்லாய்ச் சுருங்கும். சிங்களமும் தமிழும் என்று இரு பெயரின் பின்னும் நின்ற அவ்வும்மை எண்ணும்மை. எண்ணும்மையால் தொடுக்கப்பட்ட பொருள்கள் தம்முள் ஒத்த நிலையின என்பது எட்டாம் வகுப்பு மாணவனும் அறிந்த இலக்கணம்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 1956 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம் நாள், அரசகரும மொழிச் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையிலே கொண்டுவரப்பட்டது. அன்றே காலிமுகத்திடலில் தமிழ்த் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்து தாக்கப்பட்ட செய்தியை இம்மண்ணில் அறியாதார் இலர். ஆனால், அச்சட்டத்தை முழுமையாக வாசித்தவர் சிலரே. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கமுடைய அச்சட்டத்தில் இருந்தவை மூன்று பிரிவுகள் மாத்திரமே. ஒரு பக்கத்தில் அடங்கத்தக்க சிறு சட்டம் அது. நல்லையா அவர்கள் சேர்த்த உம்மை அந்த ஒரு பக்கத்திலே இல்லாது போயிற்று. அவ்வில்லாமை எத்தனை இல்லங்களில் விளக்கணைத்தது என்பதை எம் பெற்றோரின் தலைமுறை சொல்லும்.

1987 ஆம் ஆண்டு நவம்பரிலே, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால், தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்னும் ஏற்பாடு வந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து உம்மை மீண்டது என்று மகிழலாம். ஆனால் தமிழாசிரியர் கண்ணுக்கு ஒரு வேறுபாடு தோன்றுகின்றது. இப்போது வந்தது எண்ணும்மையன்று. சிங்களம் அரசகரும மொழி என்று ஒரு வாக்கியம் முடிந்தபின், தனி வாக்கியமாய்த் தமிழும் என்று வந்தமையால், முன் சென்ற ஒன்றைத் தழுவி நிற்கும் எச்சவும்மை அது. உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினார் நன்னூலார். அவ்வெட்டனுள் எது எவ்விடத்தில் நிற்கின்றது என்று காண்பது பரீட்சைக்கு மாத்திரம் உரிய பயிற்சி என்று எம் மாணவர் எண்ணுகின்றனர். ஓர் இனத்தின் நிலையையே அது குறித்து நிற்கலாம் என்பதை அவர்க்கு யார் சொல்வது?

இனி, இந்துக் கல்லூரிகளாகிய எம் இல்லங்களுக்கே வந்த சட்டமூலங்களைப் பார்ப்போம். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் முகாமைத்துவத்தை அவ்வாண்டு டிசம்பர் மாதம் முதலாம் நாளிலிருந்து கல்விப் பணிப்பாளரிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு வந்த 8 ஆம் இலக்கச் சட்டம், அப்பாடசாலைகளின் நிலத்தையும் கட்டிடங்களையும் இழப்பீடின்றி அரசுடைமையாக்க வழிசெய்தது. சைவப் பெருமக்கள் பிடியரிசி சேர்த்தும், நிலம் எழுதிக்கொடுத்தும், கடல் கடந்து பொருள் ஈட்டி அனுப்பியும் எழுப்பிய கூடங்கள் இவ்வாறே கைமாறின. இராமகிருஷ்ண சங்கத்தார் கிழக்கிலங்கையிலே நடத்திய பாடசாலைகளும், விபுலாநந்த அடிகள் தம் உழைப்பையும் உறக்கத்தையும் ஈந்து பேணிய பாடசாலைகளும் அவற்றுள் அடங்கும். இன்றும் அவற்றுட் சிலவற்றின் பெயர்ப்பலகையில் இ.கி.ச. என்னும் எழுத்துகள் எஞ்சி நிற்கின்றன. அவ்வெழுத்துகளின் விரிவு யாதெனக் கேட்டால் விழிக்கும் மாணவரும் உளர்.

இச்சட்டங்களை முற்றுந் தீயன என்று நாம் கூற வரவில்லை. ஆசிரியரின் நியமனமும் இடமாற்றமும் முகாமையாளர் ஒருவரின் விருப்பு வெறுப்பைச் சார்ந்திருந்த நிலை அவற்றால் ஒழிந்தது. சமயத்தின் பெயராற் சேர்க்கப்படாத பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. 1945 ஆம் ஆண்டு தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் பட்டிதொட்டியெங்கும் சென்றது. நாம் சுட்ட விரும்புவது பிறிதொன்று. முதலாந் தரத்தனவும் இரண்டாந் தரத்தனவுமாகிய பாடசாலைகள், மாணவரிடம் கட்டணம் அறவிடாது, அரசாங்க உதவியும் பெறாது, தனியார் பாடசாலைகளாக நிலைபெறலாம் என்னும் ஒரு வாசல் அச்சட்டத்திலேயே இருந்தது. எவரெவர் அவ்வாசலாற் சென்றனர், எவரெவர் செல்லாது விட்டனர் என்பது வேறு வரலாறு. ஆனால், அவ்வாசலின் அகலம், உயரம், அது மூடப்படும் நாள் என்பன அனைத்தும் வரைவு நிலையிலேதான் அளக்கப்பட்டன. வரைவை வாசித்து ஆயத்தஞ் செய்தவருக்கே வாசல் வாசலாய் இருந்தது. சட்டம் நிறைவேறிய செய்தியைப் பத்திரிகையிற் கண்டு திடுக்கிட்டவருக்கோ அது சுவராய் நின்றது.

சட்டமான பின்னர் நீதிமன்றம் செல்லலாமே என்று ஒருவர் வினவலாம். ஒரு காலத்தில் அது இயன்றது. அரசாங்க சேவையில் எழுதுவினைஞராய் இருந்த கோடீஸ்வரன் அவர்கள், சிங்களத் தேர்ச்சி இன்மையால் தம் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டபோது, அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்று வழக்குத் தொடுத்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம், சம்பளம் கோரி வழக்காடும் உரிமை அவருக்கு உண்டெனக் கூறி, எஞ்சிய வினாவை மீண்டும் இங்கேயே அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை காணப்படுமுன், 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் ஆராயும் அதிகாரத்தையே நீக்கிவிட்டது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அவ்வழியே சென்றது. சபாநாயகர் சான்றுரை எழுதிய பின்னர் ஒரு சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் வினவலாகாது என்பது அதன் விதி. அயல்நாடாகிய இந்தியாவில் நிறைவேறிப் பல்லாண்டு கழிந்த சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாததாக்கலாம். இங்கே அவ்வாய்ப்பு இல்லை.

ஆகவே எமக்கு எஞ்சியிருப்பது முன்னைய காலம் ஒன்றே. 1978 ஆம் ஆண்டு முதலில் வகுத்தபடி, சட்டமூலம் வர்த்தமானியிலே வெளிவந்து ஏழு நாட்களேனும் கழிந்தபின் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறும். இடம்பெற்ற நாளிலிருந்து ஒரு வாரத்தினுள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீதிமன்றம் மூன்று வாரத்தினுள் தன் தீர்மானத்தைத் தெரிவித்தல் வேண்டும். பின்வந்த திருத்தங்களால் நாட்கணக்குக் கூடியும் குறைந்தும் வந்தபோதிலும், அது நாட்கணக்கே; மாதக்கணக்கன்று. சித்திரை விடுமுறைக்கு வெளியூர் சென்றவர் திரும்பி வருமுன் காலம் கடந்துவிடலாம். கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டமூலம் 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் நாள், புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. விழிப்புடன் இருந்தவர் மனுச் செய்தனர். பல வாசகங்கள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதன என உயர் நீதிமன்றம் கண்டது. மே 20 ஆம் நாள் திருத்தங்களோடே அது நிறைவேறியது. அவர் விழித்திராவிடின் அத்திருத்தங்கள் இல்லை.

இவையெல்லாம் கொழும்பிலே நிகழ்வன, எமக்கென்ன என்பார்க்கு, எம் வாயிலுக்கே வந்த இரண்டினைக் காட்டுவோம். மாகாண சபைக்குரிய விடயம் பற்றிய சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்தறிதல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. 2012 ஆம் ஆண்டிலே, சமுர்த்தி முதலிய அமைப்புகளை ஒரே திணைக்களமாக்க முற்பட்ட திவிநெகும சட்டமூலம் அவ்வாறு அனுப்பப்படல் வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது இத்திருகோணமலை நகரிலே கூடிய கிழக்கு மாகாண சபைக்கும் வந்தது. சபையும் இசைவு தந்தது. அந்நாளிலே சமுர்த்தி முத்திரை பெற்ற குடும்பங்கள் இல்லாத கிராமம் எம் மாவட்டத்தில் இருந்ததா? அக்குடும்பங்களுள் எவரேனும் அச்சட்டமூலத்தின் தமிழ் உரையைக் கண்ணாற் கண்டிருப்பரா? அவர்க்காக அதனை வாசித்துச் சொல்லத்தக்க கற்றோராகிய நாமேனும் கண்டோமா? இல்லை என்று ஒப்புக்கொள்வதில் எமக்கு நாணம் உண்டு.

இரண்டாவது, 2017 ஆம் ஆண்டு செப்டம்பர் 20 ஆம் நாள் நிறைவேறிய மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம். வேட்பாளர் பட்டியல்களிலே மகளிர்க்கு நூற்றுக்கு முப்பது பங்கு என்பதே அது வர்த்தமானியில் வந்தபோது சொன்ன நோக்கம். நல்ல நோக்கம். ஆனால், குழுநிலையிலே பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் புகுத்தப்பட்டுத் தேர்தல் முறையே மாற்றப்பட்டது. தொகுதி முறையும் விகிதாசார முறையும் கலந்த புதிய முறை வந்தது. அதற்குத் தொகுதி எல்லைகள் வகுக்கப்படல் வேண்டியதாயிற்று. வகுத்த அறிக்கை 2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 ஆம் நாள் பாராளுமன்றத்தில் ஒரு வாக்கேனும் பெறாது தோற்றது. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரும் அதற்கு வாக்களிக்கவில்லை. பழைய முறை நீங்கியது. புதிய முறை நடைமுறைக்கு வரவில்லை. 2017 செப்டம்பர் 30 ஆம் நாள் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபை, எட்டு ஆண்டுகள் கடந்தும் தேர்தலைக் காணவில்லை. அவ்வாண்டுகளில் மாகாணக் கல்வியும் சுகாதாரமும் மக்கள் தெரிந்த உறுப்பினரின்றி ஆளுநரின் கீழே நடந்தன. பத்தாம் வகுப்புப் பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்து பட்டமும் பெற்று வெளிவரும் காலம் அது.

இவ்விரண்டாம் நிகழ்ச்சி எம் கருத்துக்கே எதிரானதன்றோ என்று கூரிய மதியினர் கேட்பர். வர்த்தமானியை வாசித்தவர் அதிலே மகளிர் பங்கை மாத்திரமே கண்டிருப்பர்; பின்னர்ப் புகுத்தப்பட்டதை எங்ஙனம் அறிவர்? நேரிய வினாவே. எம் விடை இது. சட்டமூலத்தின் அடிப்படையினின்று விலகிய திருத்தத்தைக் குழுநிலையிற் புகுத்தலாகாது என்னும் நெறி ஏட்டில் இருந்தால் மாத்திரம் போதாது. முதல் வரைவை வாசித்து மனத்திற் கொண்டவரே, பின்வந்தது வேறென்று காட்டவல்லார். மூலப்பிரதியை அறியாதவனுக்கு இடைச்செருகல் தெரியாது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்ட சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் மரபில் வந்த எமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. 2024 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் நாள் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்திலே, உயர் நீதிமன்றம் வேண்டிய திருத்தங்கள் சில சேர்க்கப்படாது விடப்பட்டன என்று மனித உரிமைகள் ஆணைக்குழு எடுத்துக்காட்டியமை, இவ்வாறு ஒப்புநோக்கியவர் இருந்தமையாலன்றோ?

இனி, மொழியைப் பற்றி ஒன்று. சட்டங்கள் யாவும் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடப்படல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் ஏற்பாடு. இரு உரைகளும் முரணுமாயின் எது மேலோங்கும் என்பதைப் பாராளுமன்றம் ஒவ்வொரு சட்டத்தை ஆக்கும்போதும் தீர்மானித்தல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஆகவே, சட்டந்தோறும் இறுதி வாசகமாக ஒன்று வந்து நிற்பதைக் காணலாம். முரண் தோன்றின் சிங்கள உரையே மேலோங்கும் என்பதே அது. முன்னொரு நாள் உயர்தர வகுப்பிலே சட்டமூலம் ஒன்றின் தமிழ் உரையைப் பகிர்ந்து கொடுத்து, எங்கே வேண்டும் என்று வருகின்றது, எங்கே லாம் என்று வருகின்றது எனக் குறிக்கச் சொன்னோம். கடமையைச் சொல்வது வேண்டும். விருப்புக்கு விடுவது லாம். அமைச்சர் செய்தல் வேண்டும் என்பதற்கும் அமைச்சர் செய்யலாம் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு என்பதை மாணவர் தாமாகவே கண்டனர். இறுதிப் பக்கத்துக்கு வந்த ஒரு மாணவி எழுந்து, பிணக்கு வந்தாற் சிங்கள உரையே செல்லுமாயின் தமிழ் உரையை நாம் ஏன் வாசித்தல் வேண்டும் என்று வினவினாள். வகுப்பு அமைதியாயிற்று. அன்று நாம் சொன்ன விடை எமக்கே நிறைவு தரவில்லை.

பின்னர் நெடிது எண்ணிப் பார்த்தோம். முரண் உண்டென்று கண்டுபிடிப்பதற்கு இரு உரையையும் வாசிப்பார் வேண்டும். தமிழ் உரையை ஒருவரும் வாசிப்பதில்லை என்பது தெரிந்தால், அதனை எழுதுவோர்க்கு ஊக்கம் குன்றும், எழுதுவோரின் தொகையும் குன்றும், பிழை மலியும். பிழை மலிந்த உரையை நம்புவார் இலர். நம்புவார் இல்லாத உரை பெயரளவில் நிற்கும். அவ்வாறு, சட்டத்தால் நீக்கப்படாத மொழி எம் சோம்பலால் நீங்கும். மறுதலையாக, தமிழ் உரையில் இவ்விடம் பொருந்தவில்லை என்று வரைவு நிலையிலேயே எழுதி அனுப்பும் குழு ஒன்று ஊர்தோறும் இருக்குமாயின், அவ்வுரை திருந்தும். திருந்திய உரைக்கே சமநிலை கோரும் தகுதி உண்டு. இரு உரைகளும் ஒத்த வலியுடையன என்று பாராளுமன்றம் ஒரு சட்டத்திலேனும் எழுதுதல் வேண்டும் என்று கேட்பது எம் உரிமை. கேட்குமுன் வாசிப்பது எம் கடமை. அம்மாணவிக்கு யாம் இன்று கூறும் விடை இதுவே.

இதற்கு இந்நகரினும் ஏற்ற இடம் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே கச்சேரியில் வரிசையில் நிற்கும் ஊர் இது. அரசாங்க சேவையிலே பணியாற்றிச் சிங்களம் செவ்வையாய்க் கற்ற பழைய மாணவர் எம்மிடையே பலர். சட்டத்தரணிகள் உளர், ஓய்வுபெற்ற அதிபர்கள் உளர், நிலவளவையாளர், கணக்காளர், துறைமுக உத்தியோகத்தர் உளர். நில அளவை பற்றிய சட்டமூலத்தை நிலவளவையாளரும், கடற்றொழில் பற்றியதைத் தொழிலாளர் சங்கத்தாரும் விளக்க, தமிழாசிரியர் சொற்பொருள் காண, இரு மொழி அறிந்தோர் ஒப்புநோக்க, ஓர் அவை எளிதில் அமையும்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, வர்த்தமானியில் வரும் சட்டமூலங்களின் தமிழ் உரையைக் கல்லூரி நூலகத்திலே அச்சிட்டு வைத்தல். அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மும்மொழியிலும் விலையின்றி அவை கிடைக்கின்றன. தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவு, ஆண்டு விருந்தொன்றில் ஒரு பந்திக்கு ஆகும் செலவிலும் குறைவு. இரண்டாவது, திங்கள்தோறும் ஒரு மாலை, எம் மாவட்டத்தைத் தொடும் சட்டமூலம் ஒன்றை அவையிலே வாசித்து, காணப்பட்ட குறைகளை ஒரு பக்கத்தில் எழுதி, இம்மாவட்டம் தெரியும் நான்கு பாராளுமன்ற உறுப்பினருக்கும், கட்சி வேறுபாடு பாராது, அனுப்புதல். குழுநிலைத் திருத்தங்களும் தமிழில் உரிய காலத்தே வெளியிடப்படல் வேண்டும் என்று அவர்களைக் கேட்பதும் அதனுள் அடங்கும். மூன்றாவது, உயர்தர வகுப்பு மாணவர் அவ்வவையில் அமர்ந்து கேட்க இடமளித்தல். தமிழிலக்கணம் பரீட்சைத் தாளோடு முடிவதன்று என்பதை அவர் அங்கே காண்பர்.

உறுப்பினர் கேளாவிடின் யாது செய்வது என்பாரும் உளர். 1944 இல் நல்லையா அவர்கள் எழுந்தபோது, தம் திருத்தம் வெல்லுமென்று உறுதி பெற்றா எழுந்தார்? எழுந்தமையால் வென்றது. பின்னர் அது பறிக்கப்பட்டது மெய்யே. ஆனால் அந்த 29 வாக்குகள் ஏட்டில் உள்ளன. இந்நாட்டின் மன்றம் ஒருகால் இரு மொழியையும் ஒருங்கே ஏற்றது என்பதற்கு அவை அழியாச் சான்று. எழுதி அனுப்பிய குறிப்பும் அவ்வாறே சான்றாகும். கேளாதவர் கேட்கவில்லை என்பதேனும் பின்னோர்க்குத் தெரியும்.

எம் கல்லூரிகளை எழுப்பிய முன்னோர் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தனர். அக்கட்டிடங்கள் யாருடையன என்பதைச் சில தாள்களில் எழுதப்பட்ட வாசகங்கள் தீர்மானித்தன. அத்தாள்கள் அடுத்த முறை வரும்போது, அவற்றை வாசிப்பார் இவ்வூரில் இருத்தல் வேண்டும். ஈண்டு யாம் எழுதியது வேண்டும் என்பதே, லாம் அன்று.

கோணேசப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக.